மரம் நட ஆள் இருக்கிறது, தண்ணீர் ஊற்றத்தான் ஆள் இல்லை

கேட்டவர் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது துணி வாங்கும் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிறவர். சொந்த ஊர் சேவூர் பக்கம், ஓட்டு இன்னும் அங்கேதான். அவிநாசி ரோட்டில் வாடகை வீடு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். "ஞாயிறு மட்டும்தான் லீவு. மாசம் ரெண்டாயிரம் ரூபா ஒதுக்க முடியும். ஊருக்கும் சுற்றுச்சூழலுக்கும் உருப்படியா ஏதாவது செய்யணும். மரம் நடுற குரூப் ஒண்ணுல சேரச் சொல்றாங்க, சேரலாமுங்களா? வேற என்ன செய்யலாம்?" இதுதான் கேள்வி.

தாராளமாகச் சேருங்கள் தம்பி. ஆனால் நடுவிழா அன்றைக்கு நீங்கள் போகாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. அன்றைக்கு ஆள் நிறைய வரும், ஃபிளக்ஸ் வரும், டிபன் வரும். அடுத்த பங்குனி சித்திரையில் டேங்கர் வண்டிக்குப் பின்னால் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க நாலு பேர் கிடைக்க மாட்டார்கள். நம் கொங்கு நாட்டில் நல்ல காரியத்துக்குப் பணம் பஞ்சமில்லை, தொடங்கி வைக்கிறவர்களும் பஞ்சமில்லை. ரெண்டாம் கோடையில் வந்து நிற்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த இடத்தில் போய் நில்லுங்கள்.

மரத்திலிருந்தே ஆரம்பிப்போம். நம் சமவெளிக்கு வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைதான். மேற்கு மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துக்கொள்கிறது, நமக்குக் கிடைக்கிற மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் வந்து தீர்ந்துவிடுகிறது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு நட்ட கன்று, மழையைப் பார்க்கும் முன்பே நான்கு மாதம் வெயிலையும் காற்றையும் பார்த்துவிடும். புரட்டாசிக் கடைசியில் நடுங்கள், இரண்டடிக்கு இரண்டடிக் குழியில். முதல் இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் வேம்பும் புங்கனும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

பல்லடம், உடுமலைப் பக்கம் இன்னொரு தொல்லை ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்றுதான் இளங்கன்றின் வேரையும் ஆட்டிவிடுகிறது. கன்றுக்குப் பக்கத்தில் கம்பு நட்டு, சணல் கயிற்றை எட்டுப் போட்ட மாதிரி சுற்றிக் கட்ட வேண்டும். கம்புக்கும் தண்டுக்கும் நடுவில் கயிறு குறுக்கே வர வேண்டும், அப்போதுதான் உரசாது. நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், ஒரு வருஷத்தில் பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். கூண்டும் அப்படித்தான். நன்கொடையாளர் பெயர் எழுதிய இரும்புக் கூண்டு தண்டுக்குள் புதைந்து நிற்கிற மரங்களைப் பல ரோட்டோரங்களில் பார்க்கலாம். ஒரு கட்டிங் பிளேயரோடு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, பெரிதாகிவிட்ட மரங்களின் கூண்டைக் கழற்றுங்கள். இதைவிட மலிவான நல்ல காரியம் எனக்குத் தெரிந்து இல்லை.

திருப்பூரில் 'வனத்துக்குள் திருப்பூர்' என்று 2015-லிருந்து நடக்கிற வேலையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவர்கள் தோட்டக்காரர்கள், கம்பெனிக்காரர்கள் இடங்களில் நடுவதைத்தான் நான் மெச்சுவேன். அங்கே வேலி இருக்கும், தண்ணீர் இருக்கும், கன்று காய்ந்தால் கவலைப்பட ஒரு சொந்தக்காரரும் இருப்பார். கோவையில் யோகநாதன் என்கிற அரசுப் பேருந்து நடத்துநர் பல வருஷமாக மரம் நட்டதும், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசியதும் ஊரறிந்த விஷயம். அவருக்கும் உங்களைப் போல ஒரு வேலையும் ஒரு வார விடுமுறையும்தான் இருந்தது.

ஒன்றே ஒன்று. எல்லா இடத்திலும் மரம் நடக் கிளம்பிவிடாதீர்கள். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்று மேய்ச்சல் காடு இருக்கிறது. முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற வறக்காடு. காங்கேயம் மாடு உருவானதே அந்தப் புல்லில்தான். குழி தோண்டி நெருக்கமாகக் கன்று வைத்தால் புல் போச்சு, மேய்ச்சல் போச்சு. அந்தக் காட்டுக்கு நாம் செய்யக்கூடிய உதவி, அது சைட் போட்டு விற்கப்படாமல் இருக்க வழி பார்ப்பதுதான். மாடு வளர்க்கிறவருக்கு வருமானம் வந்தால் காடு நிற்கும். ஆகவே அந்தப் பக்கத்து நெய்யையும் வெண்ணெயையும் நேரில் போய் வாங்குங்கள். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு மகளை ஒரு தடவை கூட்டிப் போங்கள்.

அடுத்தது குளம். உங்கள் சேவூர்ப் பக்கத்துக்கு இப்போது இதுதான் பெரிய விஷயம். அரை நூற்றாண்டுக்கு மேல் மனுக் கொடுத்து, உண்ணாவிரதம் இருந்து, தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி கேட்டுச் சலித்துப்போன அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் ஒருவழியாகத் திறக்கப்பட்டது. பவானியாற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகிற நீரில் 1.5 டிஎம்சியை எடுத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டுவரும் திட்டம் இது. குழாய்த் தண்ணீர் வரட்டும், சந்தோஷம். ஆனால் குழாய் வந்ததும் ஊரில் பலரும் நீர்வழியை மறந்துவிடுகிறார்கள். மழைத் தண்ணீர் குளத்துக்கு வர வேண்டிய பள்ளம் சீமைக்கருவேலம் மண்டி, கோழிக் கழிவு கொட்டி, பாதி இடத்தில் கம்பி வேலிக்குள் போயிருக்கும்.

இதில் தனி ஆள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வருவாய்த் துறை இணையதளத்தில் உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டையும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்கிற பட்டியல்) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பார்க்கலாம். ஓடைப் புறம்போக்கு எந்த சர்வே எண்ணில் எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டு, ஒரு ஞாயிறு காலை நடந்து பாருங்கள். அடைப்பு எங்கே, ஆக்கிரமிப்பு எங்கே என்று போட்டோவோடு ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். "குளத்தைச் சீரமைக்க வேண்டும்" என்று பொதுவாகப் பேசினால் கைதட்டு மட்டும் கிடைக்கும். சர்வே எண்ணைச் சொல்லி, இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை தூர் வார வேண்டும் என்று சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த சபையில் "அந்தத் தீர்மானம் என்னாச்சுங்க?" என்று கேளுங்கள். மூன்றாவது தடவை கேட்கும்போது சபையை நடத்துகிறவரே உங்களைப் பார்த்ததும் பதில் தயாராக வைத்திருப்பார்.

காலிங்கராயன் கால்வாய் 13-ஆம் நூற்றாண்டு வேலை. பவானியிலிருந்து ஈரோடு வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிறது. வெட்டியவர் பேர் நமக்குத் தெரியும், தை 5-ஆம் நாள் விழா எடுக்கிறோம். எழுநூறு வருஷமாகத் தூர் வாரியவர்கள் பேர் எங்கும் இல்லை. இன்றைக்கும் அதில் தண்ணீர் ஓடுவது அவர்களால்தான்.

கையால் வேலை செய்ய ஆசை இருந்தால் கோவைக்குப் போங்கள். கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறு காலைகளில் ஏதாவது ஒரு குளத்தில் இருப்பார்கள். சிறுதுளி அமைப்பு 2003-லிருந்து இதே துறையில் இருக்கிறது. கையுறையும் கனமான செருப்பும் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக்கைவிட உடைந்த பீர் பாட்டில்தான் ஆபத்து. கரையோரம் அதிகம் கிடைப்பது என்ன தெரியுமா? கண்ணாடி உடைந்த சாமி படம். வீட்டில் வைத்துக்கொள்ளவும் மனசில்லை, குப்பையில் போடவும் பயம், அரசமரத்தடியிலோ குளக்கரையிலோ வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பேரூர்ப் படித்துறைப் பக்கம் திதி கொடுத்தவர்கள் விட்டுப்போன வேட்டியும் சேலையும் நொய்யல் மணலில் பாதி புதைந்து கிடக்கும், இழுத்தால் வராது. ஒரு தடவை அதை மண்வெட்டியால் எடுத்தவர் தன் வீட்டுக் காரியத்தில் துணியை ஆற்றில் விட மாட்டார்.

நொய்யல் என்று வந்துவிட்டதால், உங்கள் தொழிலையும் பேசியாக வேண்டும். ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்தார்கள். தேங்கியது சாயக் கழிவு. சென்னிமலைப் பக்கத்து விவசாயிகளே அணையில் தண்ணீர் தேக்காதே என்று போராட வேண்டிய நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம், கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வு வடிகட்டி, ஆவியாக்கி எல்லாம் வைத்துத் தண்ணீரைத் திருப்பி எடுக்க ஆரம்பித்தன. ஆனால் உப்பு எங்கே போகும்? பருத்தித் துணிக்குச் சாயம் ஏற உப்புப் போட்டே ஆக வேண்டும். தண்ணீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கலப்பு உப்பும் சேறும் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கின்றன.

இங்கே மெர்ச்சண்டைசர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீங்கள் செய்யக்கூடியது, மாதம் இரண்டாயிரம் ரூபாயைவிடப் பெரியது. ஷேடு ரிஜெக்ட் ஆனால், அதாவது நிறம் சரியில்லை என்று பையர் தள்ளிவிட்டால், என்ன ஆகிறது? துணி மறுபடி சாயம் ஏற்ற ரீ-டையிங் போகிறது. மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு, மறுபடி விறகு. ரிஜெக்டில் பாதி, ஷேடு எவ்வளவு விலகலாம் என்பதை முதலிலேயே பையரிடம் எழுத்தில் வாங்காததாலும், லேப் டிப்பை (சாயம் ஏற்றிய மாதிரித் துண்டை) டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து ஓகே சொன்னதாலும் வருவது. நிறம் பார்க்கவென்றே இருக்கிற லைட் பாக்ஸில் பார்த்து, எல்லையை மெயிலில் உறுதி செய்துவிட்டு மொத்தத் துணியையும் சாயத்துக்குப் போடுங்கள். ஒரு ஆர்டரில் ஒரு ரீ-டையிங்கைத் தவிர்த்தால் எத்தனை குடம் தண்ணீர் என்று உங்கள் டையிங் மாஸ்டரையே கேட்டுப் பாருங்கள். கட்டிங் வேஸ்ட்டும் அப்படியே. நிறம் பிரித்து வைத்தால் கழிவுப் பஞ்சில் நூல் நூற்கிற ஓ.இ. மில்காரர் நல்ல விலைக்கு எடுத்து மறுபடி நூலாக்குகிறார். எண்ணெய்த் துணியோடும் நூல் கோனோடும் கலந்து கிடந்தால் அது பாய்லருக்கோ குப்பை மேட்டுக்கோதான் போகும். செக்‌ஷனில் நாலு சாக்கு கூடுதலாக வைப்பதுதான் செலவு.

ராத்திரியில் ஓடையில் நிறம் மாறி ஓடினால் நேரத்தோடு, இடத்தோடு போட்டோ எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். பெரிய டையிங்கைவிட, அனுமதியே இல்லாத பட்டன், ஜிப் சாயப் பட்டறைகள்தான் சந்துக்குள் தப்பிவிடுகின்றன. பதில் வராவிட்டால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு, ரசீது எண்ணைப் பத்திரமாக வையுங்கள். முதல்வர் உதவி எண் 1100-க்கும் போன் செய்யலாம்.

வீட்டுக் குப்பை. திருப்பூர்க் குப்பை பாறைக்குழிகளில் போய் விழுந்ததும், கோவைக் குப்பை வெள்ளலூரில் மலையாகி வெயில் காலத்தில் தீப்பிடிப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. தீப்பிடிக்கக் காரணம் நம் வீட்டு ஈரக் குப்பைதான். உள்ளே அழுகும்போது வருகிற வாயு எரியும். ஆகவே ஈரத்தை வீட்டை விட்டு வெளியே அனுப்பாமல் இருப்பதே பாதி வேலை. வாடகை வீட்டிலும் முடியும்: இரண்டு பழைய பெயிண்ட் பக்கெட், சுற்றிலும் அடியிலும் ஓட்டை, கீழே ஒரு தட்டு. காய்கறித் தோலைப் போட்டால் மேலே இரண்டு கை தேங்காய் நார்த்தூள் தூவ வேண்டும், பொள்ளாச்சிப் பக்கம் அது மலிவு. முதல் வாரம் கொஞ்சம் புளித்த மோர் தெளியுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காய்ந்த சருகு போட்டுக் கிளறினால் சரியாகிவிடும். வெள்ளைப் புழு நெளிந்தால் அலற வேண்டாம், அது உங்களுக்காக வேலை செய்கிறது. ஒரு பக்கெட் நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததை ஆரம்பியுங்கள், இரண்டு மாதத்தில் முதலாவது மண்ணாகியிருக்கும். கறி எலும்பு மட்டும் போடாதீர்கள், பெருச்சாளி வந்து வீட்டு ஓனர் உங்களைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்.

மீதிக் குப்பையில் நாப்கினைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு குறி போடுங்கள். உடைந்த கண்ணாடியை அட்டைக்குள் கட்டுங்கள். தூய்மைப் பணியாளர் வெறும் கையால்தான் பிரிக்கிறார் என்பதை நினைவில் வைத்தால் போதும், வேறு விதிமுறை படிக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தடை 2019-லும் 'மீண்டும் மஞ்சப்பை' 2021 கடைசியிலும் வந்தன. நமக்கென்ன புதுசா? தாம்பூலப் பையாக வந்த மஞ்சப்பை ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் இருபது இருக்கிறது. ஒன்றை வண்டி பெட்டிக்குள் போட்டு வையுங்கள், அவ்வளவுதான்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999-லிருந்து இருக்கிறது, இடையில் கமிஷன் இல்லை, விலைப் பலகை வெளியே இருக்கும். ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் போய், முடிந்தால் ஒரே விவசாயியிடம் வாரா வாரம் வாங்குங்கள். நாலாவது வாரம் அவரே "இந்தக் கத்திரிக்கு மருந்து அடிச்சிருக்கேன் கண்ணு, பாப்பாவுக்கு அவரைக்காய் எடுத்துக்கோ" என்பார். எந்த இயற்கை அங்காடி முத்திரையும் தராத உத்தரவாதம் அது. நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடிப் பக்கத்தில், பெட்ஷீட் சென்னிமலைக் கூட்டுறவுச் சங்கத்தில், ஜமக்காளம் பவானியில். பவானி ஜமக்காளம் என்று விசைத்தறிச் சரக்கும் விற்கிறது, கைத்தறி முத்திரை பார்த்து வாங்குங்கள். இயற்கை விவசாயத்துக்கு மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டிக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நூறு வயசைத் தாண்டியும் தோட்டத்துக்குப் போனவர். விருது கொடுத்ததோடு சரி, அவரைப் போல விளைவிக்கிறவர்களிடம் போய் வாங்குகிறவர்கள் குறைவு.

கல்யாணம் வந்தால் ஒன்று செய்யலாம். ஒறம்பரை (உறவுக்காரர்) வீட்டு விசேஷத்தில் நீங்கள் பாத்திரப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் கிடைக்கும், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் செலவு மிச்சம். கழுவ இரண்டு ஆளுக்குக் கூலி தனியாகக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது பந்தியில் காகிதக் கப் வந்துவிடும். மிஞ்சுகிற சாப்பாட்டுக்கு, கோவையில் 2014-ல் ஆரம்பித்த 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் உண்டு. மிஞ்சிய பிறகு போன் செய்யாதீர்கள், முதல் நாளே சொல்லி வையுங்கள். சாம்பார் ஊற்றிப் பிசைந்த பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சோலார் வாடகை வீட்டுக்கு ஒத்து வராது. ஊரில் அப்பா வீட்டுக்குப் போடலாம். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை வருகிறது.

பணத்துக்கு வருவோம். இரண்டாயிரத்தைப் பத்து இடத்துக்கு இருநூறு இருநூறாகப் பிரிக்க வேண்டாம். நீங்கள் படித்த அரசுப் பள்ளிக்கே கொடுங்கள். 2022 கடைசியில் ஆரம்பித்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' வழியாக இணையத்திலேயே பள்ளியைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். அதற்கு முன் தலைமையாசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். முன்னாள் மாணவர்கள் ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுப்பார்கள், பேர் எழுத இடம் இருக்கும். கழிப்பறை கழுவுகிற ஆளுக்குக் கூடுதல் சம்பளம் யாரும் தருவதில்லை, பேர் எழுத இடமில்லை. பத்துப் பேர் சேர்ந்து மாதா மாதம் அதைக் கொடுத்தால், வயசுக்கு வந்த பிள்ளைகள் லீவு போடாமல் பள்ளிக்கு வரும். குளம், சாக்கடை மாதிரி பெரிய வேலை என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. பொதுமக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும்.

அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால் பணமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரி விலக்கு கிடையாது. வருஷ முடிவில் நன்கொடைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். புதிய வரி முறையில் இருந்தால் இந்த விலக்கே இல்லை, அதை எதிர்பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

ரத்தம் கொடுக்கிறவரா நீங்கள்? தலைவர் பிறந்தநாள் முகாமில் வரிசையில் நிற்காதீர்கள். ஏப்ரல், மே மாதத்தில் கல்லூரிகள் லீவு விட்டதும் ரத்த வங்கிகள் வற்றிப்போகும், அப்போது போங்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். கண் தானத்துக்கு அட்டை வாங்கி வைப்பது போதாது, துக்க வீட்டில் நினைவுபடுத்த ஓர் ஆள் வேண்டும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சை வைத்து, தலையைத் தலையணையால் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். அழுகிற வீட்டில் சுகாதார உதவி எண் 104-க்குப் போன் போடுகிற அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம்.

மகளை எதில் சேர்ப்பது என்றும் யோசிப்பீர்கள். ஊத்துக்குளி ரோட்டில் சர்க்கார் பெரியபாளையம் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கார்த்திகையிலிருந்து மாசி வரை விடியற்காலையில் போனால் கூழைக்கடா, நாமக்கோழி எல்லாம் பார்க்கலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அதில் யார் வேண்டுமானாலும் சேரலாம், கால் மணி நேரம் நின்று பார்த்ததை எண்ணிப் பதிந்தால் போதும். ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள், இந்த வருஷப் பட்டாசுப் பட்டியலை அவளே திருத்துவாள்.

இத்தனையையும் செய்யச் சொல்லவில்லை. பக்கெட் இன்றைக்கே வையுங்கள். ஷேடு விஷயத்தை அடுத்த ஆர்டரிலிருந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். என்னைக் கேட்டால் சேவூர்ப் பக்கத்துக் குளத்து நீர்வழியைத்தான் சொல்வேன், சர்வே எண்ணைத் தேடிப் பார்த்து நடந்து பார்க்க உங்கள் ஊரில் வேறு யாரும் கிளம்பப் போவதில்லை. அடுத்த கிராம சபைக்கு முன்னால் அந்த ஒரு பக்க மனுவை எழுதிவிட்டால் இங்கே போடுங்கள், வாசகத்தைத் திருத்தித் தருகிறேன்.